பெரிய குழாய் போட்டா கார் பறக்குமா? ஹெடர் வாங்குறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போடுங்க!

"பெரிய குழாயா போடுங்க ப்ரோ, இன்ஜின் நல்லா மூச்சு விடும்!" கார் மாடிஃபை பண்ற இடங்கள்ல அடிக்கடி காதில் விழும் டயலாக் இது. இதை நம்பித் தன் பழைய மாருதி எஸ்டீமுக்கு 42 மி.மீ. ஹெடர் மாட்டினான் என் நண்பன். சத்தம் தெருவையே அதிர வெச்சது. ஆனா, சிக்னல்ல பச்சை விழுந்து கிளட்ச்சை விட்டா வண்டி தூங்குது! மூணாவது கியர்ல ஏறிக்கிட்டிருந்த மேம்பாலத்துக்கு இப்போ ரெண்டாவது கியர் தேவைப்பட்டது.

என்னதான் பிரச்னை?

இன்ஜினில் இருந்து புகை வெளியே வரும் இடத்தில் கம்பெனி பொருத்தும் மேனிஃபோல்டை எடுத்துவிட்டு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி குழாய் கொடுத்து, கீழே ஒன்றாகச் சேர்ப்பதுதான் ஹெடர். அந்தத் தனிக் குழாய்களுக்கு பிரைமரி என்று பெயர். எல்லா விளையாட்டும் அதன் அளவில்தான்.

எக்ஸாஸ்ட் வால்வு மூடப்போகும் நேரத்தில் இன்டேக் வால்வு திறக்க ஆரம்பித்திருக்கும். அந்த நொடிக்கும் குறைவான நேரத்தில், குழாயில் வேகமாக ஓடும் புகை தனக்குப் பின்னால் அழுத்தத்தைக் குறைக்கிறது. அது சிலிண்டரில் மிச்சமிருக்கும் புகையை உறிஞ்சி, புதுக் காற்றையும் உள்ளே இழுத்து வரும். இதுதான் ஸ்கேவெஞ்சிங். குறுகலான வாய்க்காலில் தண்ணீர் பாய்ந்து ஓடும், அகலமாக வெட்டினால் சோம்பலாக நகரும் இல்லையா? புகையும் அப்படித்தான். குழாய் பெருசானா வேகம் போச்சு, குறைந்த ஆர்பிஎம்மில் இழுவையும் போச்சு. ரொம்பச் சிறுசானா அதிக ஆர்பிஎம்மில் புகை முட்டும். 'இன்ஜினுக்கு பேக் பிரஷர் வேணும்'னு சிலர் சொல்றதும் தப்புதான். அதுக்குத் தேவை புகையின் வேகம்.

சரி, அளவை எப்படிப் பிடிக்கிறது? டியூனர்கள் போடும் ஒரு தோராயக் கணக்கு இருக்கு. எந்த ஆர்பிஎம்மில் அதிக டார்க் வேணுமோ, அதை ஒரு சிலிண்டரின் சிசி-யால் பெருக்கி, 2,24,000-ஆல் வகுங்க. குழாயின் உட்புறப் பரப்பு சதுர சென்டிமீட்டரில் வரும். அதை 1.27-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் உள்விட்டம். போன் கால்குலேட்டரே போதும்.

எஸ்டீம் இன்ஜின் 1,298 சிசி. ஒரு சிலிண்டருக்கு 324.5. டார்க் 4,500 ஆர்பிஎம்மில் வேணும்னா உள்விட்டம் சுமார் 29 மி.மீ. 6,500-ல் வேணும்னா 35. வித்தியாசம் வெறும் 6 மி.மீ.தான், ஆனா பரப்பு 40 சதவிகிதத்துக்கும் மேலே கூடிடுது!

கடையில் சொல்வது பெரும்பாலும் வெளிவிட்டம் என்பதையும் மறக்காதீங்க. தகடு 1.5 மி.மீ. கனம் என்றால், 42 மி.மீ. குழாயின் உள்ளே 39தான். நண்பனின் குழாயைத் தலைகீழாகக் கணக்குப் போட்டேன். 8,200 ஆர்பிஎம் வந்தது. ரேஸ் இன்ஜினுக்கான குழாய்! ஆபீஸ் போகும் வழியில் அவன் 4,000-ஐத் தாண்டினாலே அதிசயம்.

குழாய் மட்டும் மாறினால் போதாது என்பது இன்னொரு விஷயம். கம்பெனி கேம்ஷாஃப்ட் அப்படியே இருந்தால், அத்தனை ஆர்பிஎம்மில் இன்ஜினுக்கு அவ்வளவு காற்று உள்ளே வரவே வராது. டிராக்கில் ஓட்ட, கேம், இசியூ டியூனிங் எல்லாம் சேர்த்துச் செய்றவங்களுக்குத்தான் பெரிய சைஸ் பலன் தரும். அவங்களும் டைனோவில் ஏற்றிச் சரிபார்த்துட்டுத்தான் முடிவு பண்ணுவாங்க.

ரோட்டில் ஓட்டுறவங்களுக்குச் சட்டச் சிக்கலும் இருக்கு. கம்பெனி ஸ்பெசிஃபிகேஷனில் இருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்குது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. புது கார்கள் பலவற்றில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், மேனிஃபோல்டோடு ஒட்டியே இருக்கும். ஹெடர் போட்டால் அதுவும் கழன்றுவிடும். புகைச் சோதனையில் மாட்டுவீங்க.

நண்பன் கம்பெனி மேனிஃபோல்டையே திரும்ப மாட்டிட்டான். 42 மி.மீ. ஹெடர் மொட்டை மாடியில் துருப்பிடிச்சுக் கிடக்கு. மேம்பாலத்தில் இப்போ மறுபடியும் மூணாவது கியர்.