பேருந்துப் பயணியிடம் கேட்டது யார்?

புது தில்லி:

தெற்கு தில்லியில் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை செல்லும் சாலையில் இன்று பயணம் செய்பவர்கள், அங்கே ஒரு காலத்தில் பேருந்துகளுக்கென்றே தனித் தடம் இருந்தது என்பதை எளிதில் உணர மாட்டார்கள். சாலையின் நடுவே இருந்த நிறுத்தங்கள் இப்போது இல்லை. தடத்தைப் பிரித்து நின்ற தடுப்புகளும் இல்லை. 2008 ஏப்ரல் 20-ம் தேதி சோதனை ஓட்டம் தொடங்கிய அத்தடத்தை 2016 ஜனவரியில் மாநில அரசே பெயர்த்தெடுக்கத் தொடங்கியது.

இது தில்லியோடு முடிந்த கதையல்ல. மத்தியப் பிரதேசத் தலைநகர் போபாலில் 2013-ல் தொடங்கிய 24 கிலோ மீட்டர் தடம் 2024-ல் அகற்றப்பட்டது. அதே ஆண்டில் தொடங்கிய இந்தூர் தடத்தை அகற்றுவதற்கு 2025 பிப்ரவரியில் உயர் நீதிமன்றமும் வழிவிட்டது. நாட்டிலேயே முதலில், 2006 டிசம்பரில், சோதனை முறையில் தனித் தடம் அமைத்த புணே நகரமும் தொடக்கத்திலிருந்தே எதிர்ப்பைச் சந்தித்தது.

மறுபக்கம், பேருந்துகளின் தேவை குறையவில்லை. நகரங்களுக்கு 10 ஆயிரம் மின்சாரப் பேருந்துகளை வழங்கும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2023 ஆகஸ்டில் ஒப்புதல் அளித்தது. பேருந்துகளை வாங்கிவிடலாம், அவை நெரிசலில் சிக்காமல் ஓடுவதற்குச் சாலையில் இடம் எங்கே என்பதே கேள்வி. நகரின் மையத்தில் வேலை, விளிம்பில் வீடு என்று வாழும் லட்சக்கணக்கானோரைப் பொருத்தவரை, இக்கேள்விக்கான விடை நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் மிஞ்சுமா, மிஞ்சாதா என்பதைத் தீர்மானிக்கிறது.

கொள்கையில் குறையில்லை

2006-ல் மத்திய அரசு வெளியிட்ட தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, சாலைகள் வாகனங்களுக்காக அல்ல, மக்களுக்காகவே என்ற அடிப்படையில் எழுதப்பட்டது. சாலையில் இடத்தைப் பங்கிடும்போது எத்தனை வாகனங்கள் செல்கின்றன என்று பார்க்காமல், எத்தனை பேர் செல்கின்றனர் என்று பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம்.

இதில் உள்ள நியாயம் எளிதில் விளங்கக்கூடியது. ஒரு பேருந்தில் 60 பேர் செல்கின்றனர். அவர்களே காரில் சென்றால், ஒரு காருக்கு இருவர் என்று கொண்டாலும், 30 கார்கள் தேவை. மெட்ரோ ரயிலைப்போலப் பெரும் செலவும் பல ஆண்டுக் காத்திருப்பும் இல்லாமல், இருக்கும் சாலையிலேயே பேருந்துக்குத் தனி இடம் ஒதுக்கினால் ரயிலுக்கு ஓரளவு நிகரான வேகத்தைப் பெறலாம். பிரேசிலின் குரிடிபா நகரம் 1974-லும் கொலம்பியத் தலைநகர் போகோடா 2000-லும் இதைச் செய்து காட்டின. ஜவாஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புதுப்பிப்பு இயக்கத்தின் நிதியில் இந்திய நகரங்களும் அவ்வழியில் இறங்கின.

கொள்கை சரி, நிதியும் கிடைத்தது. அப்படியானால் பிழை எங்கே நேர்ந்தது?

சிராக் தில்லி சந்திப்பில்

தில்லி ஐ.ஐ.டி. வல்லுநர்களின் கருத்தாக்கத்தில் உருவான இத்தடம், அம்பேத்கர் நகரிலிருந்து தில்லி கேட் வரை 14.5 கிலோ மீட்டர் நீளத்துக்குத் திட்டமிடப்பட்டது. கட்டப்பட்டது மூல்சந்த் வரையிலான 5.8 கிலோ மீட்டர் மட்டுமே. பேருந்துகள் சாலையின் நடுவிலும், கார்களும் இரு சக்கர வாகனங்களும் அதற்கு இடப்புறத்திலும், சைக்கிள்களும் பாதசாரிகளும் ஓரத்திலும் செல்ல வேண்டும் என்பது ஏற்பாடு.

தொடங்கிய சில நாள்களிலேயே கார்கள் நீண்ட வரிசையில் நின்றன. சிராக் தில்லி சந்திப்பின் நெரிசல் தொலைக்காட்சிகளில் அன்றாடக் காட்சியானது. குறைகூறியவர்களின் வாதங்களை முற்றிலும் ஒதுக்கிவிட இயலாது. வலப்புறம் திரும்பும் வாகனங்கள் பேருந்துத் தடத்தைக் கடந்தாக வேண்டும் என்பதால் சிக்னலில் கூடுதல் சுற்றுகள் தேவைப்பட்டன. காத்திருக்கும் நேரம் நீண்டது. நடுச்சாலையில் உள்ள நிறுத்தத்தை அடையப் பயணிகள் வாகனங்களுக்கிடையே சாலையைக் கடக்க வேண்டியிருந்தது. தடத்தில் ஒரு பேருந்து பழுதாகி நின்றால், பின்னால் வந்த அனைத்தும் நின்றன.

ஆனால் அதே சாலையில் வேறொரு காட்சியும் இருந்தது. அத்தடத்தின் தென்கோடியில் அம்பேத்கர் நகர், தட்சிணபுரி, மதன்கீர் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகள் உள்ளன. வடக்கே செல்லச் செல்ல கிரேட்டர் கைலாஷ், டிபென்ஸ் காலனி போன்ற வசதி படைத்தோரின் குடியிருப்புகள். தெற்கில் வசிப்போர் வடக்கில் வேலை செய்கின்றனர். வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்கள், காவலாளிகள், கடைச் சிப்பந்திகள், கட்டடத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு அத்தடம் முதன்முறையாகச் சாலையில் முன்னுரிமை அளித்தது. வாகனங்களின் எண்ணிக்கையில் பேருந்துகள் மிகச் சிறு பங்கே. எனினும் அச்சாலையில் பயணம் செய்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரை அவையே சுமந்தன.

கார் வரிசையின் நீளம் படம்பிடிக்கப்பட்டது. பேருந்துக்குள் மிச்சமான நிமிடங்களை யாரும் படம்பிடிக்கவில்லை.

'மக்கள்' என்றால் யார்?

மக்கள் பங்கேற்பு என்ற சொல் தில்லிக்குப் புதியதல்ல. முதல்வராக இருந்த ஷீலா தீட்சித் 2000-ம் ஆண்டிலேயே 'பாகீதாரி' என்ற பெயரில் குடிமக்களை அரசின் பங்காளிகளாக்கும் திட்டத்தைத் தொடங்கினார். குடியிருப்போர் நலச் சங்கங்களும் வணிகர் சங்கங்களும் அதிகாரிகளுடன் ஒரே மேஜையில் அமர்ந்தன. அரசு அலுவலகத்தின் படியேறத் தயங்கிய குடிமகனுக்கு அது ஒரு மதிப்பைத் தந்தது என்பதை மறுக்க முடியாது.

ஆனால் அந்த மேஜையில் யாருக்கு நாற்காலி இருந்தது என்று பார்க்க வேண்டும். பெரிதும், அங்கீகரிக்கப்பட்ட குடியிருப்புகளில் வசிப்போரின் சங்கங்களுக்கே இருந்தது. காலை 8 மணிக்குப் படிக்கட்டில் தொங்கிச் செல்பவர்களுக்குச் சங்கம் இல்லை. சைக்கிளில் செல்பவர்களுக்குத் தலைவர் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தில்லியில் கார் வைத்திருந்த குடும்பங்கள் சுமார் 21 சதவீதம். அதாவது ஐந்தில் ஒரு குடும்பம். அந்த ஒரு பங்கின் குறை நாளிதழின் முதல் பக்கத்துக்கு வந்தது. மற்ற நான்கு பங்கின் கருத்து கேட்கப்படவே இல்லை.

இதில் அரசியல்வாதிகள் கவனிக்கத் தவறிய ஒன்று உண்டு. 2008 ஏப்ரலில் அத்தனை கூக்குரல் எழுந்த பின்னரும், அதே ஆண்டின் இறுதியில் நடந்த சட்டப் பேரவைத் தேர்தலில் ஷீலா தீட்சித் மூன்றாவது முறையாக வெற்றி பெற்றார். தொலைக்காட்சியில் ஒலிக்கும் குரலும் வாக்குச் சாவடியில் ஒலிக்கும் குரலும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

தில்லித் தடத்தில் எல்லா வாகனங்களையும் அனுமதிக்கக் கோரி ஒரு தன்னார்வ அமைப்பு தொடர்ந்த வழக்கும் இதே கேள்வியைத் தொட்டது. மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வு தடத்துக்கு எதிராக அமைந்தபோதிலும், 2012 அக்டோபரில் தில்லி உயர் நீதிமன்றம் அந்த மனுவைத் தள்ளுபடி செய்தது. பொதுப் போக்குவரத்துக்கு முன்னுரிமை அளிக்கும் கொள்கையில் தலையிட நீதிமன்றம் முன்வரவில்லை. ஆயினும் நீதிமன்றம் காத்த தடத்தை அரசியல் காக்கவில்லை. அத்தடத்துக்கு மக்கள் மத்தியில் உரிமையாளர்களே உருவாகாததுதான் காரணம். அகற்றுவது என்று 2015-ல் முடிவானபோது, அதை எதிர்த்துப் பயணிகள் திரண்டு தெருவில் இறங்கவில்லை. தங்களுக்காகக் கட்டப்பட்டது என்று அவர்களிடம் யாராவது சொல்லியிருந்தால்தானே அவர்கள் திரள்வார்கள்?

ஆமதாபாத் கற்றுத் தந்தது

குஜராத்தின் ஆமதாபாத் நகரம் வேறு வழியில் சென்றது. 'ஜன்மார்க்', அதாவது மக்கள் பாதை, என்ற பெயருடன் 2009 அக்டோபரில் தொடங்கிய அத்தடத்தைச் சேப்ட் பல்கலைக்கழக வல்லுநர்கள் வடிவமைத்தனர். கட்டணச் சேவை தொடங்குவதற்கு முன் சுமார் மூன்று மாதங்கள் பேருந்துகள் இலவசமாக ஓட்டப்பட்டன. மக்கள் ஏறிப் பார்த்தனர், குறை சொன்னார்கள், அவற்றைக் கேட்டுத் திருத்தங்கள் செய்யப்பட்டன. காகிதத்தில் உள்ள வரைபடத்தைப் பார்த்துக் கருத்துச் சொல்லப் பொறியாளரால் முடியும்; சாமானியரால் முடியாது. ஆனால் பேருந்தில் ஏறி இறங்கிய பின், படியின் உயரம் முதல் நிறுத்தத்தின் வெளிச்சம் வரை அவரைவிடத் துல்லியமாகச் சொல்பவர் எவரும் இல்லை. தில்லி நடுச்சாலைத் தடத்தைத் திறந்துவிட்டுப் பின்னர் மக்களுக்கு விளக்க முயன்றது. ஆமதாபாத் முதலில் ஓட்டிக் காட்டிவிட்டுப் பின்னர் கட்டணம் கேட்டது. 2010-ல் அந்நகருக்குச் சர்வதேச விருதும் கிடைத்தது.

ஜன்மார்க்கிலும் குறைகள் இல்லாமல் இல்லை. பரம ஏழைகளுக்குக் கட்டணம் கட்டுப்படியாகவில்லை, சைக்கிள் பாதைகள் முறையாக அமையவில்லை, சாலையோர வியாபாரிகளுக்கு உரிய இடம் இல்லை என்ற விமர்சனங்கள் எழுந்தன. கருத்துக் கேட்பின் எல்லையை இது காட்டுகிறது. பேருந்தில் ஏறியவர்களின் கருத்து பேருந்தைத் திருத்தியது. ஏற இயலாதவர்களின் கருத்தைக் கேட்க வேறு ஏற்பாடு தேவை.

கர்நாடகத்தில் ஹூப்ளி, தார்வாட் ஆகிய இரட்டை நகரங்களை இணைக்கும் 22 கிலோ மீட்டர் தடம், நகரின் எல்லையைத் தாண்டிச் செல்லும் தடத்துக்கு நல்ல உதாரணம். உலக வங்கியின் உதவியுடன் அமைக்கப்பட்டு, 2018-ல் சோதனை ஓட்டம் கண்டு, 2020 பிப்ரவரியில் முறைப்படி தொடங்கிவைக்கப்பட்டது. ஊர்களுக்கு இடையே நிற்காமல் விரையும் சேவை, எல்லா நிறுத்தங்களிலும் நிற்கும் சேவை என இரு வகைத் தேவைகளை ஒரே தடத்தில் நிறைவேற்ற வேண்டிய கட்டாயம் இங்கே உண்டு. புறநகர்த் தடத்தின் தனிச் சிக்கல் இதுதான். இரு முனைகளில் இருப்பவர்களுக்கு வேகம் வேண்டும். இடையில் இருப்பவர்களுக்கு நிறுத்தம் வேண்டும். இதைக் கணினி தீர்த்துவைக்காது. இரு தரப்பையும் அமர்த்திப் பேசித்தான் தீர்க்க வேண்டும்.

சட்டத்தில் ஓர் ஓட்டை

மக்களைக் கேட்க வேண்டும் என்று சட்டம் கூறவில்லையா? கூறுகிறது, ஆனால் சுற்றி வளைத்து. 1992-ன் 74-வது அரசியல் சாசனத் திருத்தம், 3 லட்சம் அல்லது அதற்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழுக்களை அமைக்க வகை செய்தது. பல நகரங்களில் பல வார்டுகளுக்குச் சேர்த்து ஒரு குழு என்று அது பெயரளவில் நின்றது. 2005 டிசம்பரில் தொடங்கிய நகர்ப்புறப் புதுப்பிப்பு இயக்கம், நிதி பெறும் மாநிலங்கள் மக்கள் பங்கேற்புச் சட்டம் இயற்ற வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. சட்டங்கள் சில மாநிலங்களில் ஏட்டில் ஏறின. நிதி அதற்கு முன்பே செலவாகிவிட்டது.

நிலம் கையகப்படுத்தப்பட்டால், 2013-ம் ஆண்டுச் சட்டப்படி சமூகத் தாக்க மதிப்பீடும் பொது விசாரணையும் நடத்த வேண்டும். ஆனால் பேருந்துத் தடம் பெரும்பாலும் புதிய நிலத்தைக் கேட்பதில்லை. இருக்கும் சாலையையே மறுபங்கீடு செய்கிறது. எனவே அச்சட்டம் பொருந்துவதில்லை. நிலத்தை இழப்பவருக்கு விசாரணை உண்டு. சாலையில் இடத்தை இழப்பவருக்கோ பெறுபவருக்கோ இல்லை. தடம் அமைக்கும்போதும் கேட்பதில்லை, அகற்றும்போதும் கேட்பதில்லை.

இனி செய்ய வேண்டியது

கருத்துக் கேட்புக் கூட்டம் என்றால் வேலை நாளில் பகல் 11 மணிக்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடத்துவது என்ற வழக்கம் மாற வேண்டும். கூலி வேலையை விட்டுவிட்டு அங்கே யார் வருவார்கள்? பேருந்துப் பயணியின் கருத்தைப் பேருந்து நிறுத்தத்திலும் பேருந்துக்குள்ளும் மாலை நேரத்திலும் கேட்க வேண்டும். இரவில் தனியாக இறங்கி நடக்கும் பெண்களிடம் நிறுத்தம் எங்கே அமைய வேண்டும் என்று கேட்க வேண்டும். ஆட்டோ ஓட்டுநர்கள், சிறு கடைக்காரர்கள், மாற்றுத் திறனாளிகள், பேருந்தின் ஓட்டுநர்கள், நடத்துநர்கள் ஆகியோரை விட்டுவிடக் கூடாது.

வரைபடமும் செலவுக் கணக்கும் அந்தந்த வட்டார மொழியில் வெளியிடப்பட வேண்டும். கூறப்பட்ட யோசனைகளில் எவை ஏற்கப்பட்டன, எவை ஏன் நிராகரிக்கப்பட்டன என்று எழுத்துப்பூர்வமாகப் பதிலளிக்க வேண்டும். பதில் இல்லாத கருத்துக் கேட்பு வெறும் சடங்கு. எல்லாவற்றையும் கை தூக்கச் சொல்லித் தீர்மானிக்க முடியாது என்பதும் உண்மையே. சிக்னலின் கால அளவைப் பொறியாளர்தான் கணிக்க வேண்டும். ஆனால் அந்தச் சிக்னலில் யார் காத்திருக்க வேண்டும் என்பது பொறியியல் கேள்வி அல்ல. அது நீதி பற்றிய கேள்வி. அதை முடிவு செய்ய மக்களுக்கு உரிமை உண்டு.

தடங்களை அமைப்பதிலும் அகற்றுவதிலும் செலவழிவது மக்கள் பணம். தில்லியின் தட்சிணபுரியிலிருந்து வேலைக்குப் புறப்படும் பெண்ணிடம் 2008-லும் யாரும் கேட்கவில்லை, 2016-லும் கேட்கவில்லை. அடுத்த தடத்துக்கான முதல் கோடு வரையப்படும் முன், வரைபவர்கள் ஒரு நாள் காலையில் அவருடன் அந்தப் பேருந்தில் ஏறிச் செல்லட்டும்.