துருக்கிக்குப் படிக்கப் போகுமுன்

முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாட்டில் படிக்க இடம் கிடைத்தால், வீட்டில் முதல் பேச்சு உடுப்பைப் பற்றியும் மதத்தைப் பற்றியும்தான் எழும். துருக்கியைப் பொறுத்தவரை அந்தக் கவலை பாதிக்குமேல் வீண். வெள்ளிக்கிழமை அங்கே வேலைநாள். வார விடுமுறையை 1935-லேயே ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள். 1937 முதல் மதச்சார்பின்மை அரசமைப்பிலேயே இருக்கிறது. இஸ்தான்புல் கல்லூரி வகுப்பில் முக்காடு போட்டவரும் போடாதவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். இதுகூடச் சமீபத்து மாற்றம்தான். 2010 வாக்கில்தான் பல்கலைக்கழகங்களில் முக்காட்டுக்கு இருந்த தடை தளர்ந்தது.

அங்கே போகும் மாணவரை உண்மையில் திணறடிப்பவை மொழியும் காகிதங்களும்.

அங்காராவின் மத்திய கிழக்குத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், இஸ்தான்புல்லின் போஸ்போரஸ் பல்கலைக்கழகம் போன்ற சிலவற்றில் ஆங்கிலத்தில் பாடம் நடக்கிறது. மற்றபடி அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் துருக்கிய மொழியில்தான் நடத்துகின்றன. துருக்கி அரசின் உதவித்தொகை பெறுவோர்க்குக் கல்விக் கட்டணம், விடுதி, மாதப் பணம் ஆகியவற்றோடு ஓராண்டு மொழிப் பயிற்சியும் உண்டு. எழுத்து சுலபம், 1928 முதல் லத்தீன் எழுத்துதான். வேர்ச்சொல்லோடு ஒவ்வொன்றாக விகுதி ஒட்டி, வினையைக் கடைசியில் வைக்கும் அதன் இலக்கணம் தமிழருக்கு அவ்வளவு அந்நியமாக இராது. வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் ஆங்கிலத்தை நம்பிப் போகிறவர்தான் கஷ்டப்படுவார்.

மாணவர் விசா கையில் இருந்தால் மட்டும் போதாது. போய் இறங்கியதும் ‘இகாமெத்’ எனப்படும் வசிப்பு அனுமதிக்கு இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அரசு மருத்துவக் காப்பீடு வேண்டுமானால், கல்லூரியில் பதிந்த மூன்று மாதத்துக்குள் கேட்டுவிட வேண்டும். செல்போன் விஷயம்தான் பலருக்குத் தெரிவதில்லை. வெளிநாட்டில் வாங்கிய போன் துருக்கி சிம்மோடு 120 நாள்தான் வேலை செய்யும். அதற்குமேல் ஓட வேண்டுமென்றால் பதிவுக் கட்டணம் கட்ட வேண்டும். அந்தத் தொகை ஒரு நடுத்தர போனின் விலையையே தாண்டிவிடும்! பயணத்துக்கென்று ஊரில் புதுப் போன் வாங்கித் தருவது அன்பாக இருக்கலாம், லாபமாக இராது.

ரமலான் மாதத்தில் விடியலுக்கு முன், நோன்பாளிகளை எழுப்பத் தெருவில் தவுல் போன்ற பெரிய மேளத்தை அடித்துக்கொண்டு போவார்கள். முதல் நாள் அலறியடித்து எழுந்திருக்கும் மாணவர் மூன்றாம் நாள் புரண்டு படுத்துவிடுவார். மாலையில் ரொட்டிக் கடை வாசலில் சூடான ‘பிதே’வுக்கு வரிசை நிற்கும். நகராட்சிப் பந்தல்களில் நோன்பு திறக்கும் விருந்துக்கு யார் வேண்டுமானாலும் உட்காரலாம். மதம் கேட்பதில்லை. பகலில் இஸ்தான்புல்லில் உணவகங்கள் திறந்திருக்கும். கொன்யா போன்ற உள்நாட்டு ஊர்களில் பலவும் மூடியிருக்கும்.

மதத்தில் கவனமாக இருப்பவர்கள்கூட இன்னொரு இடத்தில் சறுக்கலாம். நவம்பர் 10 காலை 9:05 மணிக்கு நாடு முழுக்கச் சங்கு ஊதும். 1938-இல், துருக்கிக் குடியரசை நிறுவிய அத்தாதுர்க் இறந்த நேரம் அது. பாலத்தில் போகும் கார்கள்கூட நின்று, ஓட்டுநர்கள் இறங்கி நிமிர்ந்து நிற்பார்கள். அந்த நேரத்தில் போனைப் பார்த்துக்கொண்டு நடப்பவரை யாரும் மன்னிக்க மாட்டார்கள். அத்தாதுர்க்கின் நினைவை இழிவுபடுத்தினால் சிறை என்று 1951-லிருந்து சட்டமே இருக்கிறது. விடுதி அறையில் அரட்டையடிக்கும்போதும் இது நினைவிலிருக்க வேண்டும்.

சாப்பாட்டில் சைவர்களும் பிழைத்துக்கொள்ளலாம். தயிருக்குப் பஞ்சமில்லை, ‘அய்ரான்’ என்றால் உப்புப் போட்ட மோர்தான். ‘சீ கோஃப்தே’ முன்பு பச்சை இறைச்சியைப் பிசைந்து செய்யப்பட்டது. அப்படி விற்க இன்று அனுமதியில்லை என்பதால், கடைகளில் கோதுமை ரவையும் மிளகாய் விழுதும் சேர்த்துப் பிசைந்து, லெட்டூஸ் இலையில் வைத்து எலுமிச்சை பிழிந்து தருகிறார்கள். பருப்பு சூப்பில்தான் எச்சரிக்கை வேண்டும். சில கடைகளில் அதை இறைச்சி வேகவைத்த நீரில் செய்வார்கள், கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.