கணினி விளையாட்டுகளும் அவற்றின் இனப்பெயர்களும்

ஒரு பொருளை அறிதற்கு முதற்படி அதற்குப் பெயரிடுதலாகும். எனினும், பொருளைக் காட்டவந்த பெயரே காலப்போக்கிற் பொருளை மறைக்குந் திரையாதலும் உண்டு. மலைநாட்டார்க்கு இவ்வுண்மையை விளக்க நெடுந்தூரஞ் செல்லவேண்டுவதில்லை. டிக்கோயாவிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் கொய்யப்பெறுங் கொழுந்து, தொழிற்சாலையில் வாட்டப்பெற்று, உருட்டப்பெற்று, நொதிக்கவிடப்பெற்று, உலர்த்தப்பெற்ற பின்னர்ச் சல்லடைகளில் அரிக்கப்படுகின்றது. அரிப்பில் எந்தக் கண்ணுக்குள் எது விழுந்ததோ அதற்கேற்ப ஓ.பி., பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., டஸ்ட் என்னும் பெயர்கள் அமைகின்றன. ஒரே செடியின் ஒரே நாட் கொழுந்து பல பெயர்களைப் பெறுதல் இவ்வாறே. இப்பெயர்கள் இலையின் அளவைக் கூறுவன. சுவையைக் கூறுவன அல்ல. சனவரி முதல் மார்ச்சு வரை வறண்ட காற்று வீசுங் காலத்திலே டிக்கோயாக் கொழுந்திற்கு வாய்க்கும் மணத்தை ‘பி.ஓ.பி.’ என்னும் மூன்றெழுத்து அறியாது. ‘ஒரேஞ்ச் பீக்கோ’ என்ற பெயரைக் கேட்டுத் தோடம்பழச் சுவையை எதிர்பார்ப்போர் ஏமாறுவர்.

பெயருக்கும் பொருளுக்கும் இடையிலான இத்தகைய பிணக்கு இக்காலத்துக் கணினி விளையாட்டுலகில் மிகுதியாகக் காணப்படுகின்றது. ஓர் விளையாட்டு எவ்வினத்தைச் சார்ந்தது, அவ்வினத்திற்கு இட்ட பெயர் பொருந்துமா, புதுமை எனப்படுவது உண்மையிற் புதுமைதானா என்பன பற்றி ஆடுவோரும் ஆக்குவோரும் ஓயாது வாதிடுகின்றனர். இவ்வாதத்தைச் சிறுவர் பூசல் என ஒதுக்குதல் தகாது. இலக்கிய வகைமை பற்றிய பழைய வினாவே இங்குப் புத்துருவிற் காட்சியளிக்கின்றது.

தமிழர் தம் விளையாட்டுகளுக்குப் பெயரிட்ட முறையை முதலில் நோக்குக. கிட்டிப்புள் கருவியாற் பெற்ற பெயர். பல்லாங்குழி ஆடுகளத்தாற் பெற்ற பெயர். ஆடுபுலி ஆட்டம் ஆடுவோர் ஏற்கும் நிலையாற் பெற்ற பெயர். இலக்கியத்திலும் இவ்வாறே பல்வேறு அடிப்படைகளிற் பெயர்கள் எழுந்தன. வெண்பா, கலி என்பன யாப்பினாற் பெற்றவை. தூது, உலா என்பன பொருளினாற் பெற்றவை. வீரமாமுனிவர் 1732இல் இயற்றிய சதுரகராதி பிரபந்தங்களைத் தொண்ணூற்றாறு எனத் தொகுத்துரைக்கின்றது. ஆயினும், மக்கள் உள்ளங் கவர்ந்த பள்ளும் குறவஞ்சியும் பழைய உழத்திப்பாட்டு, குறத்திப்பாட்டு என்னும் பெயர்களுக்குள் அடங்காது வளர்ந்தன. இலக்கியம் முன்னர்த் தோன்ற, இலக்கணம் அதனைப் பின்தொடரும் என்னும் முறைமையை இதனால் உணரலாம். 1879இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தைத் தொண்ணூற்றாறனுள் எங்குத் தேடினும் வைத்தற்கு இடமில்லை. அதன் பொருட்டு ‘நாவல்’ என்ற பெயரையே பிறமொழியிலிருந்து தமிழ் ஏற்றுக்கொண்டது.

கணினி விளையாட்டுகளின் பெயர் வரலாறும் இதனையொத்ததே. 1976ஆம் ஆண்டளவில் வில் குரோத்தர் என்னும் அமெரிக்கர், தாம் நேரிற் கண்டறிந்த கெண்டக்கிக் குகையொன்றை அடிப்படையாகக் கொண்டு, சொற்களாலேயே நடத்தப்பெறும் விளையாட்டொன்றை எழுதினார். 1977இல் டொன் வூட்ஸ் அதனை விரித்தார். ‘அட்வென்ச்சர்’ என வழங்கிய அதன் பெயரே பின்னர் ஓர் இனம் முழுவதற்கும் பெயராயிற்று. எனவே, அவ்வினப்பெயர் வீரச்செயலைக் குறிப்பதன்று. அந்த ஒரு விளையாட்டின் வழிவந்தவை என்பதையே குறிக்கின்றது. 1993இல் ‘டூம்’ வெளிவந்தபோது அதனைப் பின்பற்றியவை யாவும் ‘டூமின் படிகள்’ எனப்பட்டன. ஆண்டுகள் சில கழிந்து, பின்பற்றியவை தம்முள்ளே வேறுபட்டு வளர்ந்தபின்னரே, ஆடுபவன் கண்வழியாகவே உலகைக் கண்டு சுடும் விளையாட்டு என்னுங் காரணப்பெயர் நிலைபெற்றது. முன்னோடியின் பெயரால் அழைக்கப்படும் இனம் முதிர்ச்சியடைந்தபோது தன்பெயரைத் தானே பெறும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

எல்லா இனங்களுக்கும் அந்நிலை வாய்க்கவில்லை. 1980இல் மைக்கல் டோய், கிளென் விச்மன் ஆகியோர் ஆக்கிய ‘ரோக்’ என்னும் விளையாட்டில் நிலவறையின் அமைப்பு ஒவ்வொரு முறையும் புதிதாக அமையும். இறந்தவன் மீண்டும் முதலிலிருந்தே தொடங்கல் வேண்டும். இதனைப் பின்பற்றியவை ‘ரோக்லைக்’, அதாவது ரோக்கைப் போன்றவை, எனப்பட்டன. 2008இல் பேர்லின் நகரிற் கூடிய ஆக்குநர் இவ்வினத்தின் இலக்கணத்தை வகுக்க முயன்றனர். களம் தற்செயலாய் அமைதல், இறப்பு மீளாதிருத்தல், முறைவைத்து ஆடுதல், கட்டங்களில் நகர்தல் முதலிய இயல்புகளை அவர்கள் பட்டியலிட்டனர். பாட்டியல் நூலார் செய்த பணியினின்றும் இது பெரிதும் வேறுபட்டதன்று. ஆயின், அதே ஆண்டில் டெரெக் யூ வெளியிட்ட ‘ஸ்பிளங்கி’, முறைவைத்து ஆடுதலையும் கட்டங்களையும் நீக்கி, ஓடித் தாவும் விளையாட்டோடு ரோக்கின் உயிர்நிலையை இணைத்துவிட்டது. இலக்கணம் எழுதிய மை உலருமுன்னரே இலக்கியம் எல்லையைக் கடந்தது எனலாம். இன்று சீட்டாட்ட முறையில் அமைந்த ‘ஸ்லே த ஸ்பயர்’ என்பதும், கிரேக்கக் கதையைக் கூறும் ‘ஹேடிஸ்’ என்பதும் அப்பெயராலோ அதன் திரிபாலோ வழங்கப்படுகின்றன. தந்தையாகிய ரோக்கை ஒருமுறையேனும் ஆடியிராத பல்லாயிரவர் அதன் பெயரை நாள்தோறும் உச்சரிக்கின்றனர்.

1986இல் தோன்றிய ‘மெற்ரோயிட்’, ‘காசில்வேனியா’ ஆகியவற்றின் பெயர்களை ஒட்டவைத்துப் பிறந்த ‘மெற்ரோயிட்வேனியா’ என்னும் பெயரோ இன்னும் இடர்ப்பாடுடையது. புதிய ஆற்றல் ஒன்றைப் பெற்றபின் பழைய இடத்துக்கு மீண்டு, முன்னர் அடைத்திருந்த வழியைத் திறத்தல் என்பதே அவ்வினத்தின் உள்ளுறை. அவ்விரு விளையாட்டுகளையும் அறிந்தோர்க்கு அப்பெயர் ஒரு சொல்லில் அனைத்தையும் விளக்கும். அறியாதார்க்கு எதனையும் விளக்காது. நண்பர்க்குள் வழங்குங் குறிச்சொல் கடைத்தெருவின் பொதுச்சொல்லாகும்போது நேருங் குறை இதுவாகும்.

பெயர் மயக்கந் தருதல் ஒரு குறை. இழிவு தருதல் அதனினும் பெரிய குறை. 2012இல் விற்பனைக்கு வந்த ‘டியர் எஸ்தர்’, 2013இல் வந்த ‘கோன் ஹோம்’ ஆகியவற்றிற் பகைவருமில்லை, வெற்றி தோல்வியுமில்லை. ஆடுவோர் நடந்து, நோக்கி, கேட்டு, கதையைத் தாமே கோத்துக்கொள்ளுகின்றனர். இவற்றை ஏளனஞ் செய்தோர் ‘நடைப் பாவனை’ என்று பெயரிட்டனர். ஏளனமாய் இட்ட அப்பெயரே பின்னர் இனப்பெயராய் நிலைத்தது. யப்பானியர் ஆக்கிய பாத்திரமேற்கும் விளையாட்டுகளை மேனாட்டார் நாட்டின் பெயரை முன்வைத்து ‘ஜே.ஆர்.பி.ஜி.’ என வேறுபடுத்தினர். ‘பைனல் பேன்டசி’ வரிசையின் பதினாறாம் விளையாட்டை ஆக்குவித்த நாஒகி யொஷிதா, அப்பெயரை முதலிற் கேட்ட காலத்தில் யப்பானிய ஆக்குநர் சிலர் அதனைப் பாகுபாடாகவே உணர்ந்தனர் என 2023இல் எடுத்துரைத்தார். தாம் ஒரு விளையாட்டை ஆக்க முயன்றிருக்க, பிறர் அதனை ஒரு நாட்டின் சரக்காகப் பிரித்துவைத்தனர் என்பதே அவர்தங் குறை.

பிறர் இட்ட பெயரின் சுமையை மலையகம் அறியும். 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் ‘இந்தியத் தமிழர்’ என்னும் தனிப்பிரிவு வகுக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அம்மக்களுட் பல இலட்சம் பேரை நாடற்றவராக்கியது. அந்நிலையை நீக்குதற்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்கவேண்டியதாயிற்று. ‘மலையகத் தமிழர்’ என்று தம்மைத் தாமே அழைத்துக்கொள்ளும் உரிமையை அவர்கள் வற்புறுத்துவதன் காரணம் இவ்வரலாற்றை அறிந்தார்க்குப் புலனாகும். விளையாட்டின் இனப்பெயர் ஒருவரது குடியுரிமையைப் பறிப்பதில்லை. ஆகவே இரண்டையும் ஒருநிறையில் வைத்தல் கூடாது. ஆயினும், பெயரிடும் அதிகாரம் யார் கையில் உள்ளது என்னும் வினா ஈரிடத்தும் ஒன்றே.

இனி, பெயர் ஆக்கத்தையே ஆளும் நிலையை நோக்குவோம். பெயர் படைப்பைப் பின்தொடர்தல் இயல்பு. சந்தையிலோ படைப்பே பெயரைப் பின்தொடர்கின்றது. 2017ஆம் ஆண்டு யூலையில் வெளிவந்த ‘போர்ட்நைட்’, அரண் அமைத்துக் கூடிப் போரிடும் விளையாட்டாகவே தொடங்கியது. அவ்வாண்டிலே ‘பப்ஜி’ என்பது பெருவெற்றி ஈட்ட, நூறுபேர் பொருது ஒருவர் எஞ்சும் அதன் முறை, சில திங்களிலேயே போர்ட்நைட்டினுட் சேர்க்கப்பட்டது. சேர்க்கப்பட்ட பகுதியே உலகெங்கும் புகழ்பெற்றது. இதனைக் கண்டோர், பெயர்பெற்ற இனத்தைப் பின்பற்றுதலே செல்வத்துக்கு வழி எனத் துணிந்தனர். அத்துணிவு எப்போதும் பலிப்பதில்லை. 2016இல் ‘ஓவர்வாட்ச்’ பெற்ற வெற்றியின் வழியில், தனித்திறன் வாய்ந்த வீரர்களைக்கொண்டு சுடும் விளையாட்டாகச் சோனி நிறுவனம் ‘கொன்கோட்’ என்பதனை 2024 ஓகத்து 23இல் வெளியிட்டது. செப்டெம்பர் 6இல் அது நிறுத்தப்பட்டது. பல்லாண்டு உழைப்பு இரு வாரத்தில் முடிவுற்றது. அதனை ஆக்கிய நிலையமும் பின்னர் மூடப்பட்டது. தொடங்கியபோது புதிதாயிருந்த பாணி, முடிந்து வெளிவரும்போது ஆடுவோர்க்குச் சலித்துப்போயிருந்தது. தேயிலைச் செடி நட்டவுடன் கொழுந்து தருவதில்லை. இன்றைய சந்தை விலையை நோக்கி இன்று நடுவோன் பறிக்கும் நாளில் வேறொரு விலையையே காண்பான்.

இவ்வாறு பெயர்வழிச் செல்லாது எழுந்த படைப்பொன்று தமிழர் நடுவேயே உளது. கனடாவின் ரொறன்ரோ நகரிலுள்ள விசை கேம்ஸ் என்னும் சிறுநிலையம் 2023 யூலையில் வெளியிட்ட விளையாட்டின் பெயர் ‘வெண்பா’. 1980களில் தமிழகத்தினின்றும் கனடாவிற் குடியேறிய வெண்பா என்னும் பெண், அவள் கணவன் பாவலன், மகன் கவின் ஆகியோரின் கதை இது. தாய் தந்த சமையற் குறிப்பேடு கிழிந்தும் மங்கியும் போயுள்ளது. இட்டலியும் புட்டும் பிறவும் எம்முறையிற் செய்யப்பட்டன என்பதை எஞ்சிய குறிப்புகளைக்கொண்டு ஆடுவோர் உய்த்துணர்தல் வேண்டும். அழிந்த வரியை நிரப்புதலே விளையாட்டு. மகனுக்கும் மொழிக்கும் இடையில் அழிந்துவருந் தொடர்பே கதை. செயலும் பொருளும் இவ்வாறு ஒன்றுபடுதல் அரிது.

இதனை எவ்வினத்திற் சேர்ப்பது? சமையல் விளையாட்டு எனின், அவ்வினத்துக்குரிய விரைவும் புள்ளிக் கணக்கும் இதன்கண் இல்லை. புதிர் எனின், புதிரின் கடுமை இல்லை. கதை எனின், கையாற் செய்யுந் தொழில் மிகுதி. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுதலால் குறுகியது எனக் குறைகூறுவோரும் உளர். நெடும்பொழுது ஆடுதலையே மதிப்பாகக் கொண்ட இனங்களின் அளவுகோலால் அளந்ததன் விளைவு அது. குறள்வெண்பாவைக் காப்பியத்தின் அடிக்கணக்கால் அளப்பார் உண்டோ? 2024இல் பிரித்தானியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கலைக்கழகம் முதற்படைப்புக்குரிய விருதை இதற்கு வழங்கியது. அதே ஆண்டில் தற்சார்பு விளையாட்டு விழாவின் பெரும்பரிசும் இதற்கே கிடைத்தது. இனம் அறியாத படைப்பும் ஏற்கப்படும் என்பதற்கு இது சான்று.

டிக்கோயாவின் மாணவர்க்கு இதிலிருந்து பெறத்தக்க பயன் யாது? மாசித் திங்களிற் தோட்டங்களில் நிகழும் காமன் கூத்தை எண்ணுக. கம்பம் ஊன்றல், தப்பொலி, மதனும் ரதியும் ஆடல், காமன் எரிந்தழிதல், ரதியின் புலம்பல் என்று பல நாள் நீளும் அதனை வழிபாடு என்பதா, நாடகம் என்பதா, ஆடல் என்பதா? மேடை நாடகத்தின் அளவுகோலைக் கொண்டு நோக்கியோர் அதனை வளர்ச்சியுறாத நாடகமாகக் கருதினர். ஊர் முழுவதும் பங்குகொள்ளும் நிகழ்வாக நோக்கினார்க்கே அதன் முழுமை தெரிந்தது. காண்போர், ஆடுவோர் என்ற எல்லை நெகிழும் அத்தகைய கலை, ஆடுபவரையே கதையினுள் நிறுத்தும் கணினி விளையாட்டுக்கு மிக அண்மையது. மூடுபனியில் வழிதேடுதலும், லயத்துக் குடும்பங்களின் நூற்றாண்டு நினைவும், ரதியின் துயரும் ஒரு விளையாட்டின் பொருளாதற்குத் தகுதியுடையன. அதனை ஆக்க விழையும் இளைஞன் முதலிற் கேட்கவேண்டிய வினா ‘இஃது எவ்வினம்’ என்பதன்று. ‘இதனை ஆடுபவர் எதனைச் செய்வர், செய்யும்போது எதனை உணர்வர்’ என்பதேயாம்.

இனப்பெயர்களே வேண்டா என்பாரும் உளர். அவர்தங் கூற்று ஏற்கத்தக்கதன்று. பல்லாயிரம் விளையாட்டுகளுள் ஒன்றைத் தேர்வோர்க்கு வழிகாட்டி வேண்டும். ஒன்றோடொன்றை ஒப்பிட்டு ஆராய்வோர்க்கும் பொதுச்சொல் வேண்டும். ‘ஸ்டீம்’ விற்பனைத்தளம் 2014இல் ஆடுவோரே பெயர்க்குறிகளை இடுதற்கு வழிசெய்தது. அதனால் ஒரு விளையாட்டு ஒரே பெயருக்குள் அடைபடாது பல பெயர்களைத் தாங்கும் நிலை உண்டாயிற்று. இஃது ஓரளவு நன்மையே. ஆயின், அக்குறிகளும் விற்பனையை நோக்கி இடப்படும்போது பழைய குறையே திரும்ப வரும்.

ஆகவே, நல்ல இனப்பெயருக்கு மூன்று இயல்புகள் வேண்டப்படும். அஃது ஆடுபவர் செய்வது யாது என்பதைப் புதியவர்க்கும் உணர்த்தல் வேண்டும். படைப்புகள் தோன்றிய பின்னர் அவற்றினின்றும் எழுதல் வேண்டும். அதனாற் குறிக்கப்படுவோர் நாணாது ஏற்றுக்கொள்ளத்தக்கதாயிருத்தல் வேண்டும். இம்மூன்றும் பொருந்திய பெயரும் சல்லடையே என்பதை மறத்தலாகாது. சல்லடை இலையைப் பிரிக்கும். சுவையை அறிய நீரைக் கொதிக்கவைத்துப் பருகியே தீரவேண்டும்.