கரு வைத்தாகிவிட்டது... அடுத்த 14 நாள்?

'எழுபது வளைவு குலுங்கிக் குலுங்கி ஏறி வந்திருக்கோமுங்க. வெச்ச கரு நழுவிடாதுங்களா?'

கொல்லிமலையில் என்னைப் பார்க்க வரும் பெண்கள் கேட்கிற கேள்வி இது. சேலத்திலோ ஈரோட்டிலோ கோவையிலோ 'டெஸ்ட் டியூப்' சிகிச்சை எடுத்திருப்பார்கள். அங்கே கருவைக் கருப்பையில் வைத்து அனுப்பியதும், அறப்பளீஸ்வரர் கோயிலில் ஒரு வேண்டுதல், அப்படியே மலை மூலிகையில் ஏதாவது ஒரு கஷாயம் என்று கிளம்பி வந்துவிடுகிறார்கள். கூடவே மாமியாரும் வருவார். சித்த மருத்துவர்தானே, உடனே ஒரு உருண்டை கொடுப்பார் என்று எதிர்பார்ப்பு. நான் கொடுப்பதில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த நழுவுகிற பயம். கருப்பை ஒரு காலிக் குடம் இல்லை. அதன் முன்சுவரும் பின்சுவரும் ஒன்றோடொன்று ஒட்டியபடிதான் இருக்கின்றன. இரண்டு உள்ளங்கையிலும் தேனைத் தடவிச் சேர்த்து, நடுவே ஒரு பொடியை வைத்தால் எப்படியோ, அப்படி. வைக்கப்படும் கரு கசகசாவைவிடச் சிறியது. அது நடந்தாலோ, தும்மினாலோ, சிறுநீர் கழித்தாலோ, பஸ்ஸில் குலுங்கினாலோ விழுந்துவிடாது. கரு வைத்தபின் படுத்தே கிடந்தவர்களையும், எழுந்து நடமாடியவர்களையும் ஒப்பிட்டுப் பலமுறை பார்த்துவிட்டார்கள். படுத்துக் கிடந்ததால் ஒரு பலனும் கூடவில்லை. அதற்காக மறுநாளே மலை ஏறுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். வளைவில் வாந்தி எடுத்துக்கொண்டு வருவானேன்? வீட்டிலேயே இருந்து, சாதாரணமாக நடமாடுங்கள். வெயிட் தூக்க வேண்டாம், அவ்வளவுதான்.

கரு வைக்கும் தினத்தில் என்ன நடக்கும்? பலருக்கு இது ஏதோ பெரிய ஆபரேஷன் என்று நினைப்பு. முட்டையை வெளியே எடுக்கும்போதுதான் மயக்கம் கொடுப்பார்கள். கரு வைப்பதற்குப் பெரும்பாலும் மயக்க மருந்தே தேவையில்லை. நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்வார்கள். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் ஸ்கேனில் கருப்பை தெளிவாகத் தெரியும். மெல்லிய குழாய் ஒன்றின் வழியே 3ஆம் நாள் கருவையோ 5ஆம் நாள் கருவையோ உள்ளே விடுவார்கள். பத்துப் பதினைந்து நிமிஷ வேலை. சிலருக்கு உறையவைத்த கருவைப் பல மாதம் கழித்து வைப்பதும் உண்டு. 'பழைய கரு' என்று முகம் சுளிக்க வேண்டாம். 1978 ஜூலையில் இங்கிலாந்தில் உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன் பிறந்தாள். அடுத்த அக்டோபரிலேயே கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் முயற்சியில் துர்கா பிறந்தாள். அது உறையவைத்து எடுத்த கருதான். அந்த மனிதரை அன்று யாரும் நம்பவில்லை. மனமுடைந்து 1981-ல் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய குறிப்புகளைப் படித்துவிட்டு டாக்டர் ஆனந்தகுமார் 1997-ல் உண்மையை எடுத்துச் சொன்ன பிறகுதான் ஊர் ஒப்புக்கொண்டது.

இனி அந்தப் பதினான்கு நாள். உண்மையான கஷ்டம் இதுதான். மார்பு கனக்கிறது, வயிறு உப்புகிறது, மலச்சிக்கல், அசதி... 'தங்கிடுச்சு போல' என்று தோன்றும். கரு தங்குவதற்காகக் கொடுக்கப்படும் புரோஜெஸ்டிரோன் மருந்தே இத்தனையும் செய்யும். ஒன்றுமே தெரியவில்லை என்றாலும் தங்கவில்லை என்று அர்த்தமில்லை. லேசாக உதிரம் பட்டால் 'போச்சு' என்று சிலர் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். டாக்டருக்கு போன் பண்ணிக் கேளுங்கள். அவர் சொல்லும்வரை மருந்து தொடரட்டும்.

மருந்துக் கடையில் கார்டு வாங்கி ஐந்தாம் நாளே பார்ப்பதும் வேண்டாம். முட்டை முதிர்வதற்குப் போட்ட ஹெச்.சி.ஜி. ஊசி உடம்பில் மிச்சமிருந்தால் பொய்யாகவே இரண்டு கோடு காட்டும். முன்கூட்டிப் பார்த்தால் தங்கிய கருவுக்கும் ஒரே கோடுதான் காட்டும். இரண்டுமே மனசைக் குலைக்கும். ஆஸ்பத்திரியில் சொன்ன தேதியில், பெரும்பாலும் 10 முதல் 14 நாளுக்குள், ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். தங்கியிருந்தால் 48 மணி நேரம் கழித்து மறுபடி எடுத்து, அளவு ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். ஆறு ஏழு வாரத்தில் ஸ்கேன், இதயத் துடிப்பு.

சிலவற்றுக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது. வயிறு வேகமாக உப்பி, எடை திடீரென ஏறி, சிறுநீர் குறைந்து, மூச்சு வாங்கினால் அது முட்டைப்பை அதிகம் தூண்டப்பட்டதால் வரும் சிக்கல். பரிசோதனையில் 'பாசிட்டிவ்' வந்தபிறகு ஒரு பக்கமாக அடிவயிற்றில் கடும்வலி, தலைசுற்றல், உதிரப்போக்கு என்றால் கரு குழாயில் தங்கியிருக்கலாம். கருப்பையில் வைத்த கரு குழாய்க்குப் போகுமா என்று கேட்பீர்கள். போகும். லூயிஸ் பிரவுனுக்கு முன்பே அதே டாக்டர்களுக்குக் கிடைத்த முதல் கர்ப்பம் அப்படிக் குழாயில் தங்கியதுதான். இரவானாலும் வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். கஷாயத்தில் தீருகிற காரியம் இல்லை.

கஷாயத்துக்கு வருவோம். பாளையங்கோட்டையில் சூல், மகளிர் மருத்துவம் படித்தவன்தான் நான். மலைவேம்பும் கழற்சிக்காயும் எனக்கும் வேண்டியவைதான். ஆனால் அவை கரு உண்டாவதற்கு முன்னால் யோசிக்க வேண்டியவை, அதுவும் இரண்டு டாக்டருக்கும் தெரிந்து. கரு வைத்தபின் ஹார்மோன் கணக்கு நாள் கணக்கில் ஓடுகிறது. நடுவில் இன்னொரு மருந்து புகுந்தால் என்ன ஆகும் என்று எந்தச் சுவடியிலும் இல்லை. கற்றாழை, கருஞ்சீரகம், எள்ளுக் கஷாயம் எல்லாம் தடைப்பட்ட உதிரத்தை இறக்க நாங்கள் கொடுப்பவை. அதை 'மலை மருந்து, பக்கவிளைவு இல்லை' என்று வழியோரத்தில் வாங்கிக் குடித்தால்?

சாப்பாட்டில் பயம் வேண்டாம். சாமைச் சோறு, தினை, கீரை, பருப்பு, முட்டை எல்லாம் நல்லது, மலச்சிக்கலுக்கும் உதவும். எங்கள் மலை அன்னாசியைப் பற்றி ஒரு வேடிக்கை. அன்னாசி சாப்பிட்டால் கலைந்துவிடும் என்று நம் ஊரில் பயம். அன்னாசியின் நடுத்தண்டைத் தின்றால் கரு ஒட்டிக்கொள்ளும் என்று மேல்நாட்டில் நம்பிக்கை. இரண்டுக்கும் ஆதாரமில்லை. இரண்டு துண்டு தின்றால் ஒன்றும் ஆகாது. பப்பாளிக் காயை மட்டும் விட்டுவிடுங்கள்.

மாமியார்களுக்கும் கணவர்களுக்கும் ஒரு வார்த்தை. 35 வயதுக்குட்பட்டவர்களுக்கே ஒரு தடவை வைக்கும் கரு குழந்தையாகும் வாய்ப்பு சுமார் மூன்றில் ஒன்றுதான். 40 தாண்டினால், சொந்த முட்டையில் இன்னும் வெகுவாகக் குறையும். தங்காத கருக்களில் பெரும்பாலானவை அணுக்களின் அமைப்பிலேயே கோளாறு உள்ளவை. அவள் மாடிப்படி ஏறியதாலோ, அழுததாலோ போனதில்லை. 'நீ சொன்னபடி படுக்கல, அதான்' என்று ஒரு வார்த்தை விட்டுவிட்டால் அதை அவள் ஆயுசுக்கும் சுமப்பாள்.

தங்கவில்லை என்றால் மருந்தை நிறுத்திய சில நாளில் விலக்கு வரும். வழக்கத்தைவிடச் சற்று அதிகமாக இருக்கலாம். எத்தனை கரு உறையவைத்து மிச்சமிருக்கிறது, அடுத்து எதை மாற்றலாம், எவ்வளவு செலவு என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முயற்சிக்கு ஒன்றிரண்டு மாதம் இடைவெளி விடச் சொல்வார்கள். அந்த இடைவெளியில், உங்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டு, ரிப்போர்ட்டுகளோடு மலைக்கு வாருங்கள். லேகியத்தைப் பற்றி அப்போது பேசலாம்.