ஹைபிரிட் வண்டியின் பற்சக்கரமும் உணர்கருவிகளும்

புதுவை முத்தியால்பேட்டைப் பக்கத்திலுள்ள நெசவாளர் சங்கமொன்றின் கணக்குகளைப் பார்வையிடச் சென்ற மாதம் போயிருந்தோம். கண்காட்சிகளுக்குத் துணிமூட்டைகளை ஏற்றிச் செல்ல ஹைபிரிட் வண்டியொன்று வாங்கலாமென்ற தீர்மானம் நிர்வாகக் குழுவின் முன் இருந்தது. "கிளச்சும் இல்லை, கியரும் மாற்ற வேண்டாம் என்கிறார்கள். பிறகு உள்ளே என்னதான் இருக்கிறது, ஐயா? கெட்டால் எதைப் பழுது பார்ப்பது?" என்று மூத்த அங்கத்தினர் ஒருவர் கேட்டார். பொதுப்பணத்தைச் செலவிடுமுன் கேட்க வேண்டிய கேள்வியே அது. அன்று நாம் கூறிய விடை போதாதென்று பின்னர் தோன்றியமையால் இங்கு சற்று விரிவாக எழுதுகிறோம்.

பெட்ரோல் எஞ்சினும் மின்சார மோட்டாரும் சேர்ந்து இழுக்கும் வண்டியே ஹைபிரிட் எனப்படுவது. 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ் இவ்வகையில் பேர்பெற்றது. பெங்களூரை அடுத்த பிடதியில் செய்யப்பட்டு 2022-இல் அறிமுகமான இன்னோவா ஹைகிராஸின் ஹைபிரிட் வகையும் அதே தத்துவத்தில் இயங்குவது. (ஹோண்டா சிட்டியின் ஏற்பாடு வேறு. அதில் எஞ்சின் பெரும்பாலும் ஜெனரேட்டரையே சுழற்றும். நெடுஞ்சாலை வேகத்தில் மட்டும் சக்கரங்களோடு நேரே இணையும்.)

பிரியஸில் கியர்பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் இருப்பது ஒரு சிறு பற்சக்கரத் தொகுதி. நடுவே 30 பற்களுள்ள சக்கரம்; வெளியே உட்புறம் 78 பற்களுள்ள வளையம்; இரண்டுக்கும் இடையே உருளும் சிறு சக்கரங்களைத் தாங்கிய சட்டம். சட்டத்தை எஞ்சின் சுழற்றுகிறது. நடுச்சக்கரம் ஒரு ஜெனரேட்டரோடும், வளையம் மின்மோட்டாரோடும் வண்டிச் சக்கரங்களோடும் இணைந்துள்ளன. வண்டி நிற்கையில் எஞ்சின் நிமிடத்திற்கு 1000 சுற்று சுழன்றால் நடுச்சக்கரம் 3600 சுற்று சுழலும். அதே 1000 சுற்றில் நடுச்சக்கரத்தை அசையாது நிறுத்திவிட்டால் வளையம் ஏறக்குறைய 1385 சுற்று சுழன்று வண்டியை ஓட்டும். ஆகவே ஜெனரேட்டரின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தாலே போதும். கியர் மாற்றிய பலன் கிட்டிவிடுகிறது. பற்கள் இடம் மாறுவதே இல்லை.

எஞ்சினின் முறுக்குவிசையில் நூற்றுக்கு 72 பங்கு வளையத்துக்கும் 28 பங்கு நடுச்சக்கரத்துக்கும் செல்லும். அந்த 28 பங்கை ஜெனரேட்டர் எதிர்த்துப் பிடிக்க வேண்டும். பிடிக்காவிடில் எஞ்சின் வெறுமனே சுழலுமேயன்றி அதன் விசை வண்டிச் சக்கரத்துக்குச் செல்லாது. பாவின் ஒரு முனையைத் தளரவிட்டு மறுமுனையை எவ்வளவு இழுத்தாலும் விறைப்பு ஏறுமா?

எவ்வளவு பிடிப்பது என்பதைத் தீர்மானிக்கவே உணர்கருவிகள் வேண்டும். விசைத்தறியில் ஒவ்வொரு பாவிழையிலும் மெல்லிய தகடு தொங்குவதையும், இழை அறுந்தால் தகடு விழுந்து தறி தானே நிற்பதையும் பலர் கண்டிருப்பீர்கள். தகடு ஒரு செய்தியை மட்டுமே சொல்லும். இங்கோ ஓயாது அளக்க வேண்டும். மோட்டாரின் அச்சில் முட்டை வடிவான இரும்புத் துண்டொன்று சுழல்கிறது. அதற்கும் சூழ்ந்துள்ள கம்பிச்சுருள்களுக்கும் இடைப்பட்ட வெளி கூடிக் குறையும்போது சுருளில் தோன்றும் மின்அழுத்தம் மாறுகிறது. அதனின்று அச்சு நிற்கும் கோணம் துல்லியமாக அறியப்படுகிறது. கோணம் தெரியாமல் மோட்டாருக்கு மின்சாரம் செலுத்த இயலாது. எஞ்சினின் சுழற்சி, ஓட்டுநர் பாதம் மிதிக்கும் அளவு, சக்கரங்களின் வேகம், மின்கல அடுக்கின் வெப்பம் ஆகியவற்றுக்கும் தனித்தனிக் கருவிகள் உண்டு. இவையனைத்தையும் கணினி ஒப்பிட்டு ஜெனரேட்டருக்குக் கட்டளையிடும். இரும்பு உறுதியாயிருந்தும் ஓர் அளவு தவறினால் வண்டி எச்சரிக்கை விளக்கைக் காட்டி வலிமை குன்றலாம். அங்கத்தினர் கேட்டதற்கு விடை இதுவே: பழுது அளவையிலும் வரலாம்.

பிரேக்கை மிதிக்கையில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, வீணாகும் விசையை மின்சாரமாகச் சேமிக்கும். நேரு வீதி நெரிசலில் இதனால் மிகுந்த லாபம். சென்னைக்குச் சீராக ஓடும் கடற்கரைச் சாலையில் அவ்வளவு இல்லை.

நெசவாளர் சங்கங்களுக்கு ஒன்றை வற்புறுத்துவோம். இவ்வண்டிகள் பலவற்றில் மின்கல அடுக்கைக் குளிர்விக்கும் காற்று, இருக்கையருகே உள்ள துவாரத்தின் வழியே செல்கிறது. துணிமூட்டை அதை மறைத்தாலும், பஞ்சுத்தூசி வடிகட்டியை அடைத்தாலும் வெப்பம் ஏறும். உணர்கருவி அதைக் கண்டு மின்விசையைக் குறைக்கும். வடிகட்டியைத் துப்புரவு செய்வதைப் பராமரிப்புப் பதிவேட்டில் தனிக் கலமாகவே எழுதுங்கள். ஆரஞ்சு நிறக் கம்பிகளில் உயிருக்கு ஆபத்தான மின்அழுத்தம் இருப்பதால் பயிற்சியற்றவர் தொடலாகாது.

இனிக் கணக்கு. ஹைகிராஸின் சோதனை அளவு, ஹைபிரிட்டில் லிட்டருக்கு 23.24 கிலோமீட்டர், சாதாரணப் பெட்ரோல் வகையில் 16.13. அந்த அளவை அப்படியே ஏற்றாலும் 1000 கிலோமீட்டருக்கு மிச்சம் சுமார் 19 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால் 1,900 ரூபாய். மாதம் 1000 கிலோமீட்டர் ஓடும் வண்டியாயின், அதிக விலையாகக் கொடுக்கும் ஒவ்வொரு லட்சமும் திரும்பிவர ஏறக்குறைய 53 மாதங்கள் ஆகும். நாள்தோறும் நகருக்குள் வாடகைக்கு ஓடும் வண்டிக்கு இது விரைவில் கட்டுப்படியாகலாம். அந்தச் சங்கத்தின் வாடகை வண்டிப் பற்றுச்சீட்டுகளைக் கூட்டிப் பார்த்தோம். மாதம் 400 கிலோமீட்டரைக்கூட எட்டவில்லை. தீர்மானத்தை ஒத்திவைத்துவிட்டு, நூல் கொள்முதல் பற்றிய அடுத்த விஷயத்துக்குக் குழு சென்றது.