மாத்திரைக்கு முன் ஒரு மரபணுச் சோதனை

மரபணு மருத்துவம் என்றதும் லட்சக்கணக்கில் செலவாகும் புற்றுநோய் சிகிச்சைகள்தான் செய்தியாகின்றன. எனக்கென்னவோ, மலிவான பழைய மருந்துகள் யாருக்கு ஆகாது என்று முன்னரே தெரிந்துகொள்வதில்தான் அதன் உடனடிப் பயன் இருப்பதாகப் படுகிறது. வலிப்பு நோய்க்கும் முகநரம்பு வலிக்கும் பல பத்தாண்டுகளாகத் தரப்படும் கார்பமசெபின் மாத்திரையைப் பாருங்கள். பெரும்பாலோருக்கு ஒத்துப்போகிறது. மிகச் சிலருக்கு மட்டும், தொடங்கிய சில வாரங்களில் காய்ச்சல் கண்டு, வாயும் கண்ணும் புண்ணாகி, தீக்காயம் பட்டதுபோலத் தோல் உரிகிறது. உயிரையே பறிக்கக்கூடிய இதற்கு ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய்க்குறி என்று பெயர். 2004இல் தைவான் ஆய்வாளர்கள், இம்மருந்தால் இப்படிப் பாதிக்கப்பட்ட 44 பேரைச் சோதித்தார்கள். 44 பேரிடமும் எச்எல்ஏ-பி*15:02 என்ற மரபணு வகை இருந்தது. மருந்தைத் தாங்கிக்கொண்டவர்களில் சுமார் 3 சதவீதத்தினரிடமே அது இருந்தது. பிறகு 4,877 பேரை முன்கூட்டியே சோதித்து, அந்த வகை உள்ளவர்களுக்கு வேறு சிகிச்சை அளித்தார்கள். பழைய கணக்குப்படி சுமார் 10 பேருக்கு அந்த நோய்க்குறி வந்திருக்க வேண்டும். ஒருவருக்கும் வரவில்லை என்று 2011இல் அறிவித்தார்கள்.

அந்த மரபணு வகை உள்ளவர்களிலும் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாதே, நல்ல மருந்தை ஏன் மறுக்க வேண்டும் என்று கேட்கலாம். மாற்று மருந்துகள் இருக்கும்போது உயிரைப் பணயம் வைப்பானேன்? இதைவிடக் கனமான ஆட்சேபம் ஹாங்காங்கிலிருந்து வந்தது. அங்கே 2008இல் இச்சோதனை கட்டாயமானது. கார்பமசெபினால் வந்த பாதிப்பு நின்றது. ஆனால் வலிப்பு மருந்துகளால் வரும் மொத்தப் பாதிப்பு குறையவில்லை! சோதனைக்கு அனுப்பிக் காத்திருப்பதைவிட வேறு மருந்து எழுதுவது எளிது என்று மருத்துவர்கள் விலகிப்போனார்கள். அவர்கள் எழுதிய பினைட்டாயினும் இதே ஒவ்வாமையைத் தரக்கூடியது. இதை மரபணு அறிவியலின் தோல்வி என்று நான் சொல்லமாட்டேன். மருந்துச்சீட்டு எழுதும்போது சோதனை முடிவு கையில் இல்லாததுதான் கோளாறு. பிறவியில் வந்த மரபணு வகை மாறுவதில்லை. ஒருமுறை பார்த்துப் பதிந்துவைத்தால் ஆயுளுக்கும் உதவும்.

யாருடைய மரபணுவை ஆராய்கிறோம் என்பதும் முக்கியம். எச்எல்ஏ-பி*15:02 வகை ஐரோப்பியரிடம் மிக அரிது. அங்கே மட்டும் தேடியிருந்தால் அகப்பட்டிருக்காது. நம் பக்கத்திலும் இதுபோன்ற ஒன்று உண்டு. அறுவை சிகிச்சையின்போது தசைகளைத் தளர்த்தப் பயன்படும் சக்சினைல்கோலின் சில நிமிடங்களில் உடலில் சிதைந்துவிடும். அதைச் சிதைக்கும் நொதி குறைவாக உள்ளவர்களுக்கோ மணிக்கணக்கில் மூச்சுத் தசைகள் இயங்காது. வென்டிலேட்டர்தான் காப்பாற்ற வேண்டும். வைசிய சமூகத்தினரிடம் இக்குறை அதிகம் காணப்படுவதற்கான மரபணு மாற்றத்தை, கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்ற 2006ஆம் ஆண்டு ஆய்வு அடையாளம் காட்டியது. தலைமுறை தலைமுறையாகத் தமக்குள்ளேயே மணம் முடித்த சமூகங்களில் இத்தகைய மாற்றங்கள் தங்கிவிடுகின்றன. அதற்காகச் சாதிப் பெயரைக் கேட்டு மருந்து கொடுத்துவிட முடியாது. அச்சமூகத்திலும் பெரும்பாலோருக்கு இக்குறை இல்லை. வெளியிலும் சிலருக்கு உண்டு. தனி ஆளைச் சோதிப்பதே சரி.

அந்த வசதி எல்லா ஊர்களுக்கும் வர நாளாகும். அதுவரை, வீட்டில் யாருக்காவது மருந்தால் தோல் உரிந்திருந்தாலோ, மயக்க மருந்துக்குப் பின் மூச்சு திரும்பத் தாமதமாகியிருந்தாலோ, மருந்தின் பெயரை எழுதிவைத்து மருத்துவரிடம் அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.