சட்டமன்றத்தில் எத்தனை நாற்காலிகள்?

ஒரு நாட்டின் சட்டமன்றத்துக்கு எத்தனை உறுப்பினர்கள் தேவை? இதைத் தலைவர்கள் கூடிப் பேசி முடிவு செய்வார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? இதற்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது என்று 1972-இல் காட்டினார் ரெயின் தாகெபெரா. எஸ்தோனியாவில் பிறந்து, அமெரிக்காவில் பௌதிகத்தில் டாக்டர் பட்டம் பெற்று, பின்னர் அரசியல் அறிவியலுக்கு வந்தவர் இவர்.

பத்து லட்சம் மக்கள் உள்ள ஒரு நாட்டை எடுத்துக்கொள்வோம். அவர்களில் பாதிப்பேர் பொது விஷயங்களில் ஈடுபடுவோர் எனக் கொள்க. ஒவ்வொருவரிடமும் பிரதிநிதி பேச வேண்டும்; அவர் சொல்வதைக் கேட்கவும் வேண்டும். ஆக, ஆளுக்கு இரண்டு தொடர்புகள். இதைத் தவிர, மன்றத்துக்குள் எந்த இருவர் கூடிப் பேசுகிறார்கள் என்பதையும் அவர் கவனித்தாக வேண்டும்.

உறுப்பினர்கள் 10 பேர் மட்டும் என்றால், ஒருவருக்குத் தொகுதியில் 1,00,000 தொடர்புகள். மன்றத்தில் 45 ஜோடிகள். 1,000 பேர் என்றால், தொகுதியில் 1,000. மன்றத்திலோ 4,99,500 ஜோடிகள்! 100 பேர் என்றால், 10,000-உம் 4,950-உம் சேர்ந்து 14,950-தான். மேட்டிலிருந்து உருண்ட பந்து பள்ளத்தில் வந்து நிற்பதுபோல், சுமை மிகக் குறையும் இடம் இதுவே. பத்து லட்சத்தின் கனமூலம் 100 என்பதைக் கவனித்தீர்களா? உறுப்பினர் எண்ணிக்கை மக்கள்தொகையின் கனமூலத்தை ஒட்டியிருக்கும் என்பதே 'கனமூல விதி'.

சுமார் 13 லட்சம் மக்கள் வாழும் எஸ்தோனியாவுக்கு விதி தரும் எண் 109. அங்குள்ள இடங்கள் 101. ஆனால் இது புவியீர்ப்பு விதியைப் போன்றதன்று. பிரிட்டனுக்கு ஏறத்தாழ 400 போதும் என்கிறது கணக்கு. 2024 தேர்தலில் அங்கே இருந்த இடங்களோ 650.

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையைப் பாருங்கள். 1910-இல் மக்கள் 9.2 கோடி, கனமூலம் 451. 1913-இல் இடங்கள் 435 ஆயின, பொருத்தம்தான். 2020-இல் மக்கள் 33.1 கோடி, கனமூலம் 692. இடங்களோ அதே 435! ஓர் உறுப்பினருக்கு 2.1 லட்சம் பேர் என்றிருந்தது 7.6 லட்சமாகிவிட்டது. அத்தனை பேரின் குரலும் ஒரு செவியில் எப்படி விழும்?

2024-இல் நம் மக்களவைத் தேர்தலில் 543 இடங்கள். மக்கள்தொகையை 140 கோடி எனக் கொண்டு, நீங்களே கனமூலம் கண்டுபிடியுங்கள். விடை உங்களைச் சிந்திக்க வைக்கும்.